மஞ்சள் முக்கோணம்

தேசங்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் கூபர் பீடியில் அவளை வைத்துப் பார்க்க வசதி இல்லை என்று போர்ட் அகஸ்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவள் கணவர் ஒப்ராட் இரண்டு தடவை பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவை கிளம்பும்போது மருத்துவர் தடுத்துவிட்டார். வாலிபத்தில் செர்பியாவிலிருந்து வந்து, ஆயுள் முழுக்க ஓபல் ரத்தினக்கல் தோண்டும் குழிகளில் தூசு குடித்த நெஞ்சு அது. அரை நாள் பயணத்தை அது தாங்காது என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசிதான். பெர்லிட்டா என்ற பிலிப்பைன்ஸ்காரப் பெண் அங்கே வேலை பார்த்தாள். அவள் ரிசீவரைத் தேசங்காவின் காதோரம் தலையணையில் அண்டக் கொடுத்து வைப்பாள். இவர் பேசுவார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்பதாக நினைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு அவர் வெகுநேரம் பேசினார். குடமிளகாய்ச் செடி பூ விட்டிருக்கிறது, எதிர்க் குன்றுத் தனாசிஸின் நாய் தொலைந்துபோய்த் தானாகவே திரும்பி வந்தது, குகை வீட்டின் கதவோரம் பாறை உதிர்கிறது என்று எல்லாம் சொன்னார். முடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் பெர்லிட்டா அழைத்தாள்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. பக்கத்து ரூம்ல மணி அடிச்சாங்கன்னு போயிட்டேன். போன் நழுவிப் போர்வைக்குள்ள போயிருச்சு. அம்மாவால எடுக்க முடியல. நான் வந்து பாக்கறப்ப உங்க சத்தம் போர்வைக்குள்ளேர்ந்து வந்துட்டிருக்கு, அவங்க அழுதுட்டிருக்காங்க."

அன்று சாயங்காலமே ஒப்ராட் மகள் வெஸ்னாவுக்குப் போன் போட்டார்.

"எனக்கு உங்கம்மாவ கண்ணால பாக்கணும். என்ன பண்ணணுமோ பண்ணு."

வெஸ்னா மேற்கே ஒரு இரும்புச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். வாரக்கணக்கில் முகாமிலேயே இருக்க வேண்டிய வேலை. அவள் கூபர் பீடி வீட்டுக்கு இணைய இணைப்புக்கு ஏற்பாடு செய்தாள். ஆள் வந்து ஒரு வெள்ளைப் பெட்டியை வாசலை ஒட்டிய அறையில் மாட்டிவிட்டுப் போனான். பாறையைக் குடைந்த வீடு. பின் அறைகளுக்கு அலை எட்டாது. புது லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்று வெஸ்னா சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் ரூம் அலமாரியில ஒண்ணு கெடக்கே. நீ காலேஜ்ல வச்சிருந்தது. அதுக்கென்ன கேடு?"

"அது பழசுப்பா."

"நானும் பழசுதான். தூக்கியா போட்டாங்க?"

அந்த லேப்டாப்பைத் துடைத்துச் சமையல் மேசைமேல் வைத்தார். அதைத் திறந்ததும் பெட்டியின் பெயரைக் கண்டுபிடித்தது. கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் வெஸ்னா போனில் வந்தாள்.

"கீழ வலது மூலையில என்ன தெரியுது?"

"ஏணி மாதிரி அஞ்சு கம்பி. அது மேல மஞ்சள் முக்கோணம், உள்ள ஒரு ஆச்சரியக்குறி. நம்ம ஊர்ல குழி இருக்குது, பாத்துப் போன்னு போர்டு நட்டிருப்பாங்களே, அதே மாதிரி."

"அது மேல அம்புக்குறிய வையி. என்ன எழுதியிருக்கு?"

ஒப்ராட் எழுத்துக் கூட்டினார். "லி…மி…டெட். லிமிடெட்னு போட்டிருக்கு. கம்பெனி பேரா?"

வெஸ்னா சிரித்துவிட்டாள். "இல்லப்பா. லேப்டாப் பெட்டி வரைக்கும் போகுது. பெட்டியத் தாண்டி வெளிய போக முடியல."

"என்ன மாதிரின்னு சொல்லு."

பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டார். முக்கோணம் அப்படியே இருந்தது. லேப்டாப்பிலிருந்து பெட்டியின் பெயரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்றாவது தடவை சரியாகப் போட்டார். முக்கோணம் திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

"சரி, தேதி என்ன காட்டுது பாரு."

அவர் படித்தார். வெஸ்னா கல்லூரியில் சேர்ந்த வருடம் அது.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு, அதான் தேதிய மறந்துருச்சு. மாத்தணும்ப்பா. தேதி தப்பா இருந்தா எந்தப் பக்கமும் ஒழுங்கா தொறக்காது."

"அந்த வருஷமே இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் ஒப்ராட். "அப்ப உங்கம்மா வாய் ஓயாம பேசிட்டிருந்தா."

வெஸ்னா எங்கே அழுத்த வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தேதியை மாற்றினார். அப்போதும் முக்கோணம் போகவில்லை.

ஒப்ராட் எரிந்து விழுந்தார். "இங்க அமுத்து, அங்க அமுத்துன்னு போன்லயே பொழப்ப ஓட்டுற. அவ விழுந்தப்பவும் போன்லதான இருந்த? ஒரு தடவ வந்து பாத்தா கொறஞ்சா போயிருவ?"

"லீவு குடுக்கலப்பா. குடுத்தா வரமாட்டேனா?"

"உங்கம்மா விழுந்து கெடந்தா. நான் ஒத்தை ஆளா தூக்க முடியாம கதவைத் தொறந்து வச்சிட்டுக் கத்தினேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா," என்றாள் வெஸ்னா. "நீ சொல்லவே இல்லையே."

அவர் போனை வைத்துவிட்டார்.

தேசங்கா விழுந்த அன்று அந்தக் கத்தலைக் கேட்டு ஓடி வந்தவர் தனாசிஸ். எதிர்க் குன்றில் குடியிருக்கும் கிரேக்கர். சண்டைக்கு மறுநாள் காலை காப்பி குடிக்க வந்தவர், மேசைமேல் இருந்த லேப்டாப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, குழவிக்கல் மாதிரி இருக்கு! ஒரு தட்டு தட்டிப் பாத்தியா? என் ட்ரில் மெஷின் தட்டினாத்தான் ஓடும்."

"உன் தலையில தட்டினா ஓடுமான்னு பாக்கறேன். உக்காரு."

தனாசிஸ் உட்கார்ந்தார். ஒப்ராட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புள்ளகிட்ட சண்டையா?"

"என் வாயி சும்மா இருக்காது."

"அவளும் எங்கயோ பாலைவனத்துல கெடந்து வேகறா ஒப்ராட். கூப்பிட்டுப் பேசு."

கூப்பிட வேண்டி வரவில்லை. மத்தியானம் வெஸ்னாவே அழைத்தாள். சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"அப்பா, நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். ஞாபகம் வந்துருச்சு. ஒவ்வொரு மெஷினுக்கும் அந்தப் பெட்டிதான் ஒரு நம்பர் குடுக்கும், வீட்டு நம்பர் மாதிரி. ஹாஸ்டல்ல அது சரியா வரலைன்னு நான் கையால ஒரு நம்பர் எழுதிப் போட்டேன். லேப்டாப் இன்னும் அந்த ஹாஸ்டல் நம்பரையே சொல்லிட்டிருக்கு. நம்ம பெட்டிக்கு அது யாருன்னே தெரியல."

"பெத்த வீட்டுக்கு வந்தும் ஹாஸ்டல் விலாசத்தையே சொல்லுதா? சந்தேகமே இல்ல, உன்னோடதுதான்."

வெஸ்னா சிரித்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. திரையில் ஒவ்வொரு சன்னலாகத் திறக்க வைத்து, எண்கள் இருந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோனாள். அங்கே இரண்டு வட்டங்கள் இருந்தன. கீழ் வட்டத்தில் புள்ளி இருந்தது. மேல் வட்டம் 'தானாக வாங்கிக்கொள்' என்று சொல்லும் வட்டம். புள்ளியை அங்கே மாற்றச் சொன்னாள். மாற்றினார். எண்கள் மறைந்தன. கம்பிகளின்மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது மஞ்சள் முக்கோணம் இல்லை.

"போச்சு!" என்று கத்தினார். "வெஸ்னா, போயே போச்சு!"

ஞாயிற்றுக்கிழமை ஒப்ராட் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேசைமுன் உட்கார்ந்தார். நேரம் தவறாமல் மணி ஒலித்தது. திரையில் முதலில் பெர்லிட்டாவின் கன்னம் தெரிந்தது, பிறகு கூரை, பிறகு தேசங்கா.

அவள் தலை சாய்ந்திருந்தது. வலது கன்னம் இறங்கி, வாயோரம் இழுத்திருந்தது. யாரோ அவள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண் நிறைந்து, "தேசங்கா, நான்தான்" என்றார். அவள் இடது கண் விரிந்தது. ஏதோ சொல்ல வந்தது போல உதடு அசைந்தது.

அப்போது அவள் பார்வை திரையின் மூலைக்கு நகர்ந்தது. அங்கே சின்னக் கட்டத்தில் அவளுடைய படமே தெரிந்திருக்க வேண்டும். சிறிது நேரம் அதையே பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து ஒப்ராட் கேட்டதே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப அவள் பாடுபட்டாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"நிறுத்தும்மா! நிறுத்து!" என்றார் ஒப்ராட். எப்படி நிறுத்துவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று சாத்தினார்.

அன்று வெஸ்னா அழைத்ததும், "நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார். "அவளுக்குத்தான் வேண்டாம்."

நடந்ததைக் கேட்டு வெஸ்னா அழுதாள். "அவங்க படம் அவங்களுக்குத் தெரியாம மறைக்கலாம்ப்பா. நான்தான் யோசிக்காம விட்டுட்டேன்."

"மறைச்சாலும் நான் பாக்கறேன்ல? உங்கம்மா பால்காரனுக்குக்கூட தலை சீவாம கதவு தொறக்காதவ. நான் அங்க போனப்பவும் வலது பக்கமா உக்கார விடல. இடது பக்கமாத்தான் உக்காந்தேன். அது எனக்கு மறந்துபோச்சு."

வாரம் முழுக்க அவர் அதைப் பற்றி வேறு யாரிடமும் பேசவில்லை. சனிக்கிழமை பெர்லிட்டாவுக்குப் போன் போட்டார். கேமராவைத் தேசங்காவின் முகத்துக்கு வைக்க வேண்டாம், கைக்கு வை என்றார். அவள் படமும் அவளுக்குத் தெரிய வேண்டாம். நானும் முன்னால் வரப்போவதில்லை, அவள் வீட்டைப் பார்க்கட்டும் என்றும் சொன்னார்.

அப்படியே செய்தார்கள். லேப்டாப்பைச் சமையல் அடுப்புக்கு எதிரே திருப்பி வைத்துவிட்டு ஒப்ராட் திரையின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றார். திரையில் வெள்ளைப் போர்வையும் அதன்மேல் அவள் இடது கையும் தெரிந்தன. மோதிரம் தளர்ந்து நுனிப்பக்கம் வந்திருந்தது. அவர் குடமிளகாயை நெருப்பில் வாட்டினார். பேசிக்கொண்டே இருந்ததில் ஒரு பக்கம் கருகிப் புகை எழுந்தது. போர்வைமேல் அந்தக் கை படபடவென்று தட்டியது.

"அம்மா திட்டறாங்க," என்றாள் பெர்லிட்டா.

"தெரியுது, தெரியுது. இந்தா, திருப்பிட்டேன்."

அந்த நேரம் பார்த்துத் தனாசிஸ் உள்ளே வந்தார். நடந்தது புரியாமல் லேப்டாப்புக்கு முன்னால் போய், தொப்பியைக் கழற்றி, "தேசங்கா, உன் புருஷன் சமைச்சு என்னைக் கொல்லப் பாக்கறான், சீக்கிரம் வந்து சேரு" என்றார். அங்கிருந்து மூச்சு சிதறுவது போல ஒரு சத்தம் வந்தது. ஒப்ராட் பயந்துபோய்ப் பெர்லிட்டாவைக் கேட்டார்.

"சிரிக்கறாங்க ஐயா," என்றாள்.

கோடை போய்க் குளிர் வரும்வரை அப்படி நடந்தது. அவர் அவளுக்குத் துணி உலர்த்திக் காட்டினார். கதவோரம் உதிர்ந்த பாறையைப் பூசிக் காட்டினார். சில ஞாயிறுகளில் கை அசையாது. தூங்கிவிட்டாள் என்று பெர்லிட்டா சொல்வாள். அவர் அப்போதும் அணைக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகத்தைக் காட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தடவை தனாசிஸிடம் மட்டும் கேட்டிருக்கிறார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்று தனாசிஸ் சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை.

ஜூலையில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், தேசங்காவுக்குப் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. அன்றைக்கே போய்விட்டாள்.

வெஸ்னா விமானத்தில் வந்து இறங்கி, வண்டி ஓட்டி அப்பாவைப் போர்ட் அகஸ்டாவுக்குக் கூட்டிப் போனாள். மருத்துவரைக் கேட்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அவர் மூச்சு வாங்கினார். தேவாலயத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. பாதிரியார் வழிவிட்டார். எல்லோரும் போய் நெற்றியில் முத்தமிட்டார்கள். ஒப்ராட் கைத்தடியை ஊன்றி நடந்துபோய் இடது பக்கமாகக் குனிந்து, அவள் கையில் முத்தமிட்டார். வெஸ்னா அவர் காதருகே, "அம்மா முகம் நல்லாத்தான்ப்பா இருக்கு, சரி பண்ணியிருக்காங்க, பாரு" என்றாள்.

"அவளக் கேக்காம எப்படிப் பாக்கறது?" என்றார். பார்க்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பெர்லிட்டாவும் வந்திருந்தாள். சமாதியருகே அவரிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் முடி சீவிவிடச் சொல்லித் தேசங்கா சீப்பைக் காட்டுவாள் என்று சொன்னாள். கேமரா கையை மட்டும்தானே காட்டும் என்று தான் சொன்னாலும் விடமாட்டாளாம். ஒப்ராட் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வெஸ்னா சுரங்க வேலையை விடவில்லை. இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள். இப்போது அவள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பில் வருகிறாள். சில நாள் அவர் எடுக்கமாட்டார். அப்போது அவள் தனாசிஸுக்குப் போன் போடுவாள். அவர் குன்றிறங்கிப் போய்ப் பார்ப்பார். ஒப்ராட் மேசைமுன் உட்கார்ந்திருப்பார், எதிரே மணி ஒலித்து ஓய்ந்த திரை.

"ஏன்யா எடுக்கல? புள்ள பதறுறா."

"எடுக்கறேன். கொஞ்சம் இரு," என்பாராம். "முகம் கழுவிட்டு எடுக்கறேன்."