சனிக்கிழமை யாரும் வர வேண்டாம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்லேட் கிரீக் தோட்டக்கலைச் சங்கத்தின் ஏப்ரல் மாதச் செய்திமடலை மடித்துக்கொண்டிருந்தபோது கையில் சிக்கியது. சங்கத்தில் எனக்கு அதுதான் வேலை: நகல் எடுப்பது, மூன்றாக மடிப்பது, தபால்தலை ஒட்டுவது. டாஸ்மேனியாக் குளிரில் ஒரு கறிவேப்பிலைச் செடியை உயிரோடு வைத்திருக்க வழி கேட்டு உள்ளே போனவன் நான். செடி முதல் பனியிலேயே போய்ச் சேர்ந்தது. நான் சங்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்த மடலில், "இந்த மாதம் உங்கள் தோட்டத்தில்" என்ற பத்தியின் கடைசி வரி இப்படி இருந்தது:

"சனிக்கிழமை காலை பூங்காச் சரிவில் டாஃபடில் கிழங்கு நடும் சிரமதானத்துக்கு யாரும் வர வேண்டாம்."

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

2

எப்படித் தொடங்குவது? முதல் முயற்சி:

"இலையுதிர்காலத்தின் பொன்னிறச் சருகுகள் ஸ்லேட் கிரீக்கின் வீதிகளில் கம்பளம் விரித்திருந்த ஒரு"

வேண்டாம். சருகைப் பொன் என்று எழுதுகிறவர்கள் சருகு வாரியதில்லை. மழையில் ஊறிய ஓக் இலையைச் சாக்கடை வாயிலிருந்து ஒருமுறை கையால் அள்ளினால் இந்த மாதிரி வாக்கியம் எல்லாம் வராது.

இரண்டாம் முயற்சி, அந்தப் பத்தியின் நடையிலேயே:

"ஏப்ரல். டேலியாத் தண்டுகள் பனியில் கருத்ததும் ஒரு சாண் விட்டு வெட்டவும். கிழங்கைத் தோண்டி, மண் உதறி, பெயர் எழுதிக் கட்டி, மரத்தூளில் புதைத்து வைக்கவும். பூண்டு நடவும். ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூக்கொத்துகளை வெட்டாதீர்கள். ஆகஸ்ட் வரைக்கும் மொட்டுகளுக்கு அவைதான் போர்வை. உதிர்ந்த இலையை எரிக்காமல் கம்பிவலைக்குள் குவிக்கவும். பக்கத்து வீட்டுக்காரியிடம்"

இதுவும் பாதியில் நின்றது. ஆனால் நின்ற இடம் சரியான இடம். கதை அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியது.

(சித்திரை மாதத்தில் என்ன இலையுதிர்காலம் என்று கேட்பவர்களுக்கு: பூமியின் இந்தப் பக்கம் அப்படித்தான். எனக்கும் பழக நாளானது.)

3

பத்தியை எழுதுகிறவர் நோலீன் பரிட்ஜ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கு ஏற்றிப் போனதும் இறக்கி விட்டதும் அவர்தான். அவர் "உட்கார்" என்றால் உட்கார்ந்து பழகிய ஊர் இது. இன்றைக்கும் நரைத்த தலையோடு இருக்கிற கசாப்புக் கடைக்காரர் நோலீன் பூண்டு நடச் சொன்னால் பூண்டு நடுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரி வெல்மா. இருவரும் பல வருடச் சிநேகிதிகள். வேலியில் ஒரு பலகையைக் கழற்றி வழி வைத்துக்கொண்டு, கேக் தட்டும் செடிக் கன்றும் அதன் வழியாகப் போய் வந்துகொண்டிருந்த காலம் உண்டு.

அதைக் கெடுத்தது ஒரு மொட்டு.

இலையுதிர்காலக் கண்காட்சியில் ஒரு விதி இருக்கிறது. ஒரு குவளையில் ஐந்து டேலியா வைக்க வேண்டும்; நிறம் காட்டிவிட்ட மொட்டும் பூவாகவே எண்ணப்படும். மூன்று வருடத்துக்கு முந்தைய கண்காட்சியில் வெல்மா வைத்த குவளையில் ஐந்து பூவும், ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும் ஒரு மொட்டும் இருந்தன. மேற்பார்வைக்கு நின்ற நோலீன், "அட்டவணைப்படி இல்லை" என்று போட்டியிலிருந்து விலக்கும் அட்டையை எழுதிக் குவளையில் சாய்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

விதிப்படி சரிதான். ஆனால் அந்தப் பூக்கள் வெல்மாவின் கணவர் கீத் வளர்த்தவை. அந்த வருடம் பிப்ரவரியில்தான் கீத் இறந்துபோயிருந்தார். வெல்மா அவர் பெயரில்தான் குவளையை வைத்திருந்தார்.

[இங்கே நோலீனைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்தேன். யார் பெயரில் வைத்த பூ என்று பார்க்கவில்லை என்று ஒரு வரி போதும். ஆனால் கீத்தின் இறுதிச் சடங்குக்கு சாண்ட்விச் செய்து அடுக்கியவரே அவர். அட்டையில் கீத் பெயரைத் தன் கையால் எழுதியவரும் அவர். கதாசிரியனுக்கு இரக்கம் இருந்தால் மட்டும் போதுமா?]

அந்த மொட்டை விரலால் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நோலீனுக்கு அது வீட்டுக்குப் போய்த் தேநீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. அதற்குள் வெல்மா குவளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, உறுப்பினர் அட்டையைச் செயலாளர் ட்ரெவரின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் வேலியில் பலகை திரும்ப ஏறியது. நான்கு ஆணி அடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

4

அதற்குப் பிறகு வெல்மா நோலீனோடு பேசவில்லை. தோட்டத்தை வைத்துப் பதில் சொன்னார்.

பத்தியில் டேலியாக் கிழங்கைத் தோண்டச் சொன்னால் வெல்மா தோண்டாமல் விடுவார். இலையை வாரச் சொன்னால் வாரமாட்டார். மார்ச் பதினேழாம் தேதி, செயிண்ட் பேட்ரிக் தினத்தில் பட்டாணிப்பூ விதை போட வேண்டும் என்பது இங்கே யாரும் மீறாத வழக்கம். நோலீன் அதை எழுதினார் என்பதற்காகவே வெல்மா ஜூன் மாதம் வரை காத்திருந்து போட்டார். கொடுமை என்னவென்றால், எல்லாம் பூத்தது.

நேரடிப் பேச்சு இல்லையே தவிர, நாயிடம் சொல்வதற்குத் தடையில்லை. நாயின் பெயர் பிஸ்கட்.

"பிஸ்கட், கேட்டியாடா? ஹைட்ரேஞ்சியாவை ஆகஸ்ட் வரைக்கும் தொடக் கூடாதாம். பெரியம்மா உத்தரவு போட்டுட்டா. எங்கடா என் கத்திரி?"

வேலிக்கு இந்தப் பக்கம் நோலீன் கையில் களைக்கொத்தோடு அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கோபம் வராது. அவ்வளவு சத்தமாகச் சொல்வது தனக்காகத்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட உண்டு.

* இந்த வரியை நோலீன் படித்தால் மறுப்பார். அவர் தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. மார்ச் மாதக் கடைசியில் வெல்மாவின் வாசலில் "விற்பனைக்கு" என்ற பலகை வந்து நின்றது. பிரிஸ்பேனில் மகளோடு இருக்கப் போகிறாராம். பனியே பார்க்காத ஊர். நோலீன் சன்னல் வழியே அந்தப் பலகையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் வீடு விலை போவதற்குள் கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

5

"நேரில் போய்க் கதவைத் தட்டினால் தீர்ந்தது. இதற்கு ஒரு கதையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். ஊர் மண்டபத்தின் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நோலீன், கடைசி வரியில 'வர வேண்டாம்'னு வந்திருக்கு. மாத்திடவா?"

"மாத்தாதே."

"மாத்தலைன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அதைத்தானே எழுதியிருக்கேன்."

"கவுன்சில் குடுத்த கிழங்கு மூட்டை அவ்வளவையும் நீங்க ஒத்தையா நடப் போறீங்களா? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் இடுப்பை நான் பாத்துக்கறேன்."

"ஊருக்கே இப்படி எழுதிட்டு..."

"ஊருக்கு யாரு எழுதினா?"

இயந்திரம் ஒரு தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. நோலீன் அதன் வாயைத் திறந்து, தாளை இழுத்து, ஒரு தட்டுத் தட்டினார்.

"ட்ரெவர் இருந்தா ஆயிரம் கேள்வி கேப்பான். நல்லவேளை, கேரவனை இழுத்துக்கிட்டு வடக்கே போயிட்டான். நீயும் கேக்காதே. மடி."

நான் மடித்தேன். மடித்துக்கொண்டே கேட்டேன்.

"நேராப் போய்க் கதவைத் தட்டினா என்ன?"

"தட்டினேன். ரேடியோவைச் சத்தமா வச்சுட்டா."

"ஒரு கடுதாசி போடலாமே."

"போட்டேன். பிரிக்காம என் பெட்டியிலயே திருப்பிப் போட்டுட்டா. நான் எழுதுறதுல அவ படிக்கிறது இது ஒண்ணுதான்."

மடலில் 'வேண்டாம்' அப்படியே போனது.

6

வெல்மா உறுப்பினர் இல்லை. ஆனால் தபால் நிலையத்தில் நான் வைக்கும் பொதுப் பிரதிகளில் முதலாவதை எடுப்பவர் அவர்தான். அந்த முறை நான் வைத்துத் திரும்புவதற்குள் எடுத்துவிட்டார்.

"இந்த மாசம் என்ன சட்டம் போட்டிருக்கா?"

"வழக்கம்போலத்தாங்க."

நின்றபடியே படித்தார். கடைசி வரியில் புருவம் ஏறியது.

"யாரும் வர வேண்டாமா? யாரு இவ? பூங்கா என்ன இவ அப்பன் வீட்டுக் கொல்லையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் மடிக்கிறவன்."

"கிழங்கு வாங்கினது யாரு?"

"கவுன்சில்."

"அப்ப என் வரிப்பணம். என் காசுல வாங்கின கிழங்கை நான் நடக் கூடாதுன்னு சொல்ல இவ யாரு?"

"சரிங்க."

"என்ன சரி? எதுக்கு எடுத்தாலும் சரிங்கற. உன் கறிவேப்பிலை ஏன் செத்துச்சுன்னு இப்பத் தெரியுது."

கதவருகே போனவர் நின்று, அந்த வரியை இன்னொரு முறை படித்தார். இரண்டாவது முறை படித்தபோது முகத்தில் கோபம் இல்லை.

[மேலே உள்ள வாக்கியத்தை மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவை திரும்ப எழுதினேன். நான் பார்த்ததா, பார்க்க ஆசைப்பட்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. வேண்டுமானால் நீங்களும் அடித்துக்கொள்ளலாம்.]

7

சனிக்கிழமை. வெயில் இருந்தது, காற்று இல்லை, முந்தின நாள் மழையில் மண் பதமாக இருந்தது. இப்படி ஒரு நாளில் ஊர் மொத்தமும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கசாப்புக் கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்பதான் உருப்படியா ஒரு யோசனை சொல்லியிருக்காங்க."

நானும் போகவில்லை. நோலீன் வேண்டாம் என்றார். நான் சொன்ன பேச்சுக் கேட்கிறவன். ஆக, இந்தக் கதையின் முக்கியமான காட்சியில் கதாசிரியன் இல்லை. அவன் வீட்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தான்.

பார்க்காததைப் புனையலாம். புனைந்தும் பார்த்தேன்.

முடிவு அ: வெல்மா சரிவில் ஏறி வருகிறார். நோலீன் எழுந்து நிற்கிறார். இருவரும் கண்ணீரோடு கட்டிப்பிடித்து... கிழித்துவிட்டேன். நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகிறது. இவர்கள் கட்டிப்பிடிக்கிற ரகமில்லை.

முடிவு ஆ: வெல்மா வந்து, மூன்று வருடமாக நாயிடம் சொன்னதை எல்லாம் நோலீன் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டு, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து... இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மண் பதமாக இருந்தது என்று மேலே எழுதிவிட்டேன், கட்டி கிடைக்காது.

முடிவு இ: வெல்மா வரவில்லை. நோலீன் தனியாக மாலைவரை குனிந்து நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். எழுதி முடித்துவிட்டு, இது மட்டும் நடந்திருக்கக் கூடாது என்று ஞாயிறு காலை பூங்காவுக்கு நடந்தே போனேன்.

மூட்டைகள் காலி. மடித்து, மேலே ஒரு கல் வைத்திருந்தது. சரிவின் இடது பக்கம் மண் கிளறிய இடங்கள் அங்கும் இங்குமாக இருந்தன. கிழங்கை விசிறி எறிந்து, விழுந்த இடத்திலேயே நட வேண்டும் என்பது நோலீனின் பல வருட அறிவுரை. வலது பக்கம் பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்த மாதிரி நேர் வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் நூல் பிடித்தது போல நடுவரை வந்தது. நடுவில் எது யார் நட்டது என்று சொல்ல முடியவில்லை.

அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

8

திங்கட்கிழமை நோலீன் மே மாதப் பத்தியோடு மண்டபத்துக்கு வந்தார். நான் நகல் எடுத்தேன். பொறுக்க முடியவில்லை.

"என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"கிழங்கு நட்டோம்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ, எவ்வளவு ஆழம்னு கேட்டா."

"நீங்க?"

"கிழங்கு உசரத்துக்கு ரெண்டு மடங்குன்னேன்."

"அவங்க?"

நோலீன் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார். மறுபடியும் தட்டினார். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"அதே ஆழத்துல நட்டா," என்றார். "கடைசிக் கிழங்கு வரைக்கும்."

விற்பனைப் பலகை இன்னும் வெல்மாவின் வாசலில் நிற்கிறது. டாஃபடில் பூக்க செப்டம்பர் ஆகும். நான் இதை எழுதுவது மே மாதத்தில். வெல்மா பிரிஸ்பேனில் இருப்பாரா, இங்கே இருப்பாரா, நோலீன் திறந்த வாயால் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்தாரா என்று கேட்க என்னிடம் இன்னும் இரண்டு கேள்விகள் இருந்தன. நோலீன் மடிக்கத் தொடங்கிவிட்டார். அது என் வேலை. அதை அவர் செய்தார் என்றால் கேட்காதே என்று அர்த்தம். நான் கேட்கவில்லை.

நீங்கள் என்னைப் போல் சொன்ன பேச்சுக் கேட்கிறவராக இருந்தால் கதை இங்கே நின்றுவிடும். இல்லையென்றால் கேளுங்கள். நோலீன் இங்கே பக்கத்திலேதான் நிற்கிறார்.