சத்தம் போடாத விசிறிகள்

பிரான்சிலிருந்து பெட்டியில் வந்த பொருளைப் புதுச்சேரியில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சென்ட்டோ, சீஸோ, மாத்திரையோ, வந்த இடமே அதற்குச் சான்று. சக்கரபாணியும் அப்படித்தான் அந்த இரண்டு கம்ப்யூட்டர் விசிறிகளையும் பூட்டினான். பூட்டும்போதே மனசு ஒப்பவில்லை. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் பொலெத்தின் கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்றுவிட்டது.

பொலெத், லியோன் நகரத்துக் கட்டட நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே படம் செய்து கொடுப்பவள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் காட்டும் படங்கள். ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும். நடுவில் சூடேறி நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. ஏற்கெனவே இரண்டு தவணை தவறிவிட்டது. திங்கட்கிழமை பகலுக்குள் ஆறு படங்கள் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று மெயில் வந்திருந்தது. அவள் போன் செய்த உடனே, முத்தியால்பேட்டையில் இருந்த தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டிக்கொண்டு சக்கரபாணி வந்துவிட்டான். 2008 மே மாதம், சனிக்கிழமை காலை.

அந்த வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான். ஒரு மூலையில் கம்ப்யூட்டர். எதிர்ச் சுவரோரம் கட்டிலில் அவள் கணவர் கிளமான். போன வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதித் தலையில் அடி. வலப்பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. உடம்பு சூடானால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொன்னதற்காகப் போட்ட ஏசி அது. சத்தமும் அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினாலே தலையைச் சுவரில் இடித்துக்கொள்வார். அதற்காகத்தான் பாரிசிலிருக்கும் பொலெத்தின் தம்பி பிரூனோ, தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டரைத் தானே பூட்டி அனுப்பினான். காருக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு ரேடியேட்டர். சூடான தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் வந்து ஆறித் திரும்பும். அதை ஆற்ற அவன் தனிப் பெட்டியில் அனுப்பிய, சத்தம் போடாத விசிறிகள்தான் இப்போது பிரச்சினை.

சக்கரபாணி சுவரில் இருந்த காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, ஓடுகிற விசிறிகளுக்கு எதிர்ப்புறம், காற்று உள்ளே போகவேண்டிய பக்கத்தில் ரேடியேட்டர் தகடுகளின்மேல் வைத்தான். தாள் ஒட்டவில்லை. சரிந்து தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா மதாம். காத்து உள்ளாரயே போவல."

"பெட்டி மேல காத்து அளவு போட்டிருக்கே. இருக்கறதுலயே இதான் அதிகம்னு பாத்துதான் பிரூனோ வாங்கினான்."

"அது எதிர்ல ஒண்ணுமே இல்லாதப்ப அளந்தது. இங்க தகடு நெருக்கமா இருக்கு, இதுல நுழையற அளவுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. இதுக்கு வேண்டியது இழுக்கற வேகம்."

"அவன் வீட்ல இதே விசிறிதானே ஓடுது. ஒரு நாளும் நின்னதில்லயாம்."

"அங்க ஜன்னலத் தொறந்தாலே பாதி வேல முடிஞ்சிடும். இங்க தொறந்தா அடுப்பத் தொறந்த மாதிரி."

பொலெத் குனிந்து தரையில் கிடந்த தாளை எடுத்தாள்.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் மதாம்."

அவள் தாளை அவனிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தட்டாஞ்சாவடியில், அவன் முன்பு வேலை பார்த்த கன்ட்ரோல் பேனல் பட்டறையிலிருந்து வரும் வழியிலேயே இரண்டு விசிறிகளை வாங்கி வந்திருந்தான். அகலம் அதே அளவு, தடிமன் மட்டும் அதிகம், இரண்டு விரற்கடை. பூட்டி ஸ்விட்சைப் போட்டதும் அறை இரைந்தது. காலண்டர் தாள் தகட்டில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. திரையில் தொண்ணூற்று மூன்று டிகிரியில் இருந்த சூடு அறுபத்து நாலுக்கு இறங்கியது.

கிளமானின் இடது கை கட்டில் சட்டத்தைப் பற்றியது. தலை சுவரை நோக்கிப் போனது. அவரைக் கவனித்துக்கொள்ளும் அமுதவல்லி பாய்ந்து, சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். இரண்டு இடி அவள் கையில் விழுந்தது.

"நிறுத்துங்க அண்ணே. இன்னா மிஷின் வெக்கறீங்களா, ரைஸ் மில் வெக்கறீங்களா?"

நிறுத்தினான். பிறகு வேகத்தைக் குறைக்கும் திருகு ஒன்றை இணைத்து, மேலும் கீழுமாக அரை மணி நேரம் திருகிப் பார்த்தான். நடுவில் எங்காவது ஓர் இடம் இருக்கும் என்று நம்பினான். கிளமான் தாங்குகிற வேகத்தில் சூடு தொண்ணூறைத் தாண்டியது. சூடு அடங்குகிற வேகத்தில் கிளமான் தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர் வேகத்தக் கொறச்சிட்டா?" என்றாள் பொலெத்.

"ஒரு படத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆவும்."

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"பின் ரூம்ல வெச்சா?"

"அங்க முப்பத்தெட்டு டிகிரி. இந்தப் பெரிய விசிறி போட்டாலும் ரெண்டு மணி நேரம் தாங்காது. இன்னொரு ஏசிக்கு இந்த வீட்டு வயரிங் தாங்காது."

பொலெத் எழுந்து கட்டிலருகே போய், கிளமானின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் கேள்வி எதுவும் இல்லை.

"ரெண்டு நாள்தான்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு நாளுக்கு அப்புறம்?" என்று அமுதவல்லி கேட்டாள்.

"அப்புறம் அடுத்த வேல வரும்."

"அப்ப மிஷினுக்கு ஏசி, முசேவுக்குப் பின் ரூமு."

"இந்த வேல போச்சுன்னா ஏசியும் போயிடும் அமுதவல்லி. உன் சம்பளமும்."

அமுதவல்லி ஈரத் துண்டு எடுத்து வரப் போனாள்.

கட்டிலின் தலைமாட்டைச் சக்கரபாணி பிடித்தான், கால்மாட்டைப் பெண்கள் இருவரும். வாசலில் கட்டில் சிக்கியது. சாய்த்து, திருப்பி வெளியே எடுத்தார்கள். பின் அறைச் சுவர் கையை வைக்க முடியாமல் கொதித்தது. மேலே ஒரு பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றி வெந்த காற்றையே திரும்பக் கொடுத்தது.  அமுதவல்லி ஈரத் துண்டை மார்பில் போட்டதும் கிளமான் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தில் வேர்வை புறப்பட்டுவிட்டது.

சக்கரபாணி திரும்பி வந்து விசிறிகளை முழு வேகத்தில் விட்டான். பொலெத் முதல் படத்தை ஓடவிட்டாள். அறுபத்து மூன்று, அறுபத்து நாலு. அதில் நின்றது. கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் தரையில் வெளுத்துத் தெரிந்தது.

"நான் இருந்து பாக்கட்டுமா மதாம்?" என்றான். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டான்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவனைக் கூப்பிட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவ சாத்திட்டுப் போங்க. குளிர் வெளிய போவுது."