சதுப்புக்குத் தலையாட்டியவர்கள்

கிருலப்பனைக் கால்வாய்க்கும் நாங்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கைக்கும் நடுவே ஒரு சதுப்பு நிலம் கிடந்தது. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. புல்லும் ஆகாயத்தாமரையும் நுளம்புக்கடியும்தான். ஆனால் எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீரைத் தானே வாங்கிக்கொள்ளும். இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடந்த அம்மாவை வைத்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்தச் சதுப்பை நம்பித்தான்.

அதை மண் போட்டு மூடி அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒழுங்கையே கலங்கிப்போனது. சதுப்பை நிரப்ப அதற்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோரின் அனுமதி வேண்டும். கொடுக்குமுன் அதிகாரி நேரில் வந்து அக்கம்பக்கத்தவரைக் கேட்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். கேட்பது சிங்களத்தில் என்பதுதான் தொல்லை.

நாங்கள் நாலு வீட்டாரும் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் சிங்களம் சோதனைச்சாவடிக்கு மட்டும் போதுமானது. அடையாள அட்டையை நீட்டு, சிரி, என்ன கேட்டாலும் 'ஒவ் மாத்தயா' என்று தலையாட்டு. ஆமாம் ஐயா என்று அர்த்தம். அதற்கு மேல் வாயைத் திறந்தால் வம்பு.

ஆகவே றேமண்ட் அண்ணையைப் பிடித்தோம். இந்த ஊரிலேயே, கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்த தமிழர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒழுங்கை முனையில், மேட்டில் அவர் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு எங்களைக் கூட்டிப்போய்ப் பேசுவதும் அவர்தான்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கௌரி. நான் கதைக்கிறன். நீங்கள் பக்கத்தில நிண்டாக் காணும்," என்றார்.

அதிகாரி வந்தார். றேமண்ட் அண்ணை சதுப்பைக் காட்டினார், பிள்ளைகளைக் காட்டினார், யன்னலுக்குள்ளே கட்டிலில் கிடந்த அம்மாவைக் காட்டினார். குரல் தழுதழுத்தது. என் தாய்க்காக இவ்வளவு உருகுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். றேமண்ட் அண்ணை கண்ணைக் காட்டினார்.

"ஒவ் மாத்தயா," என்றோம் எல்லோரும்.

அன்று பின்னேரம் அவருக்கு நான் வடை சுட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் மண் லொறிகள் வந்தன, அனுமதியோடு. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் பலீலாவுக்குச் சிங்களம் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன். அதிகாரி கோபப்படவில்லை, எங்களைப் பார்த்து வியந்தார். அவர் சொன்னதை பலீலா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நுளம்பால டெங்கு வருது, படுக்கையில கெடக்கிற உம்மாவுக்கும் ஆபத்து, கெதியா மண்ணப் போட்டு மூடித் தாங்க எண்டு நீங்கதான் கேட்டீங்களாம், டீச்சர். ஒத்தர் மிச்சமில்லாம ஓம் எண்டீங்களாம்."

என் அம்மாவைக் காட்டியே என் அம்மாவின் வீட்டை முழுகக் கொடுத்திருக்கிறான். அண்ணை என்று நாங்கள் வாய் நிறையக் கூப்பிட்டவன்.

றேமண்ட் அண்ணையின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் பதறவேயில்லை.

"கட்டுறவன் லேசுப்பட்டவன் இல்லை, கௌரி. எதிர்த்துச் சொல்லியிருந்தா, உங்கட வீட்டில புலி இருக்கெண்டு பொலிசுக்கு ஒரு கோல் அடிச்சிருப்பான். நான் உங்களைக் காப்பாத்தினனான்."

"புதுக் கட்டடத்தில உங்களுக்கும் ஒரு வீடு இருக்கெண்டு பக்கத்து வீட்டு யோசெப்பின் சொல்லுறா. உண்மையோ?"

அவர் சேட்டுக் கொலரைச் சரிசெய்தார்.

"அம்மாவுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியது. தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மத்தியானத்துக்குள் அம்மாவின் மெத்தை நனைந்துவிட்டது. குளிரில் அவர் பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தார். எந்த ஓட்டோவும் உள்ளே வரவில்லை. ஒழுங்கையில் வான் வண்டி இருந்தது ஒருவரிடம்தான். மானத்தை விட்டு அந்தக் கேற்றில் போய் நின்றேன்.

மறுபேச்சில்லாமல் வந்தார். அம்மாவைத் தூக்கி ஏற்றவும் கைகொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சாவடியில் மறித்தார்கள். றேமண்ட் அண்ணை சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். அம்மாவைக் காட்டினார். குரல் தழுதழுத்தது. என்ன சொன்னாரோ, யாரை விற்றாரோ, எனக்குத் தெரியாது. பொலிஸ்காரன் குனிந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். அம்மாவின் ஈரக் கை என் மடியில் கிடந்தது.

"ஒவ் மாத்தயா," என்றேன்.