கால் சுற்று

தேவசகாயத்தின் கடைக்கு இளமதி வால்வு வாங்க வந்திருந்தாள். மேசைமேல் மூன்று வால்வுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பாள், கையை எடுப்பாள், மறுபடி முதலாவதற்குப் போவாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஒரே துள்ளல்.

கடலூரில் பாதிப் பேருக்கு வால்வு விற்ற தேவசகாயத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“கேட் வால்வே எடுத்துக்கம்மா. பழகுனது.”

“பழகுனதுதான் சார் போன மழையில எங்களைக் கவுத்துச்சு.”

அவள் வேலை பார்ப்பது சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில், ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில். காயலிலிருந்து நீளமான குழாய் வழியாக உப்புத் தண்ணீர் வரும். கடல் ஓதம் ஏறினால் மோட்டார் போடாமலே பொங்கி வரும். மழைக்காலத்தில் கொள்ளிடத்து வெள்ளம் காயலில் கலந்து உப்பு செத்துப்போகும்போது அந்தக் குழாயை அடைத்தே ஆகவேண்டும். போன வருடம் அடைக்க முடியவில்லை. கேட் வால்வின் தகடு இறங்கி உட்காரும் பள்ளத்தில் மணல் இறுகிக் கிடந்தது. பம்ப் ஆப்பரேட்டர் பாண்டியன் சக்கரத்தில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பியதில் தண்டு வளைந்ததுதான் மிச்சம். விடிந்தபோது தொட்டிகளில் ஒரு குஞ்சு உயிரோடு இல்லை.

முதலாளி நடனசபாபதி இந்த வருடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பொரிப்பகத்த மூடிடுவேன். வால்வு ஒன் பொறுப்பு.”

“அப்ப இந்த உருண்டை வச்ச பால் வால்வு?” என்று தேவசகாயத்திடம் கேட்டாள்.

“சொட்டு விடாது. ஆனா இந்த சைஸுல ரெண்டு ஆள் தூக்கணும். உருண்டையச் சுத்தி உப்புத் தண்ணி தேங்கி நிக்கும். அரிப்பு ஜாஸ்தி.”

மூன்றாவது பட்டர்ஃபிளை. வளையத்துக்குள் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். உள்ளே முழுக்க ரப்பர் உறை. இரும்பில் உப்புத் தண்ணீர் படாது. மணல் தங்கப் பள்ளமும் கிடையாது. தகட்டைக் கால் சுற்று திருப்பினால் வழி அடைபட்டுவிடும். அவள் திருப்பிப் பார்த்தாள். ‘நக்’கென்று போய் உட்கார்ந்தது. இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுதான் சார்!”

“கைப்பிடி வச்சதா, சக்கரம் வச்சதா?”

“கைப்பிடி. வெள்ளம் வர்றப்ப சட்டுனு மூடணும்.”

கிள்ளையில் குழாயில் ஒட்டியிருந்த சிப்பியையெல்லாம் சுரண்டிவிட்டு வால்வை மாட்டினார்கள். ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்துச் சோதனை. முதலாளியும் வந்து பக்கத்தில் நின்றார்.

“மூடுங்க மாமா,” என்றாள் பாண்டியனிடம்.

பாண்டியன் படகில் பாய்மரக் கயிறு இழுத்த ஆள். கைப்பிடியைப் பிடித்து ஒரே வெட்டு. டமார்! குழாய் தாங்கியைவிட்டுத் துள்ளி விழுந்தது. வால்வுக்கு முந்தின இணைப்பு பிய்த்துக்கொண்டு, தண்ணீர் முதலாளியைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

“என்னாம்மா, வெள்ளத்துக்கு முந்தி என்னயே மூடிடுவீங்க போலருக்கே!” என்றபடி வேட்டியைப் பிழிந்துகொண்டு போனார்.

இளமதி குழாய்மேல் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பாண்டியன் பயந்தான். அவளோ அந்தச் சத்தத்தையே மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிவந்த தண்ணீருக்குப் போக இடமில்லை, திரும்பி உதைத்திருக்கிறது. எழுந்து போய் வால்வுக்கு அந்தப்புறம், தொட்டிப் பக்கம், கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

“மாமா! வால்வு அருமையா பிடிக்குது! நம்ம வேகம்தான் ஜாஸ்தி!”

“அப்போ என் கைய வெட்டிப்புடலாமா?”

“வேணாம். மெதுவா திருப்புனாலும் பாதியில தண்ணியே தகட்ட அடிச்சுச் சாத்திடும். ஒங்க கைக்கு ஒரு கியரு போட்டுடலாம்.”

மறுநாள் இணைப்பைச் சரிசெய்ய ஆளை விட்டுவிட்டுக் கடலூருக்குப் பறந்தாள். தேவசகாயம் சக்கரம் வைத்த கியர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வால்வைக் கழற்ற வேண்டாம். கைப்பிடி இருந்த இடத்தில் இதை மாட்டினால் போதும். சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்றினால்தான் உள்ளே தகடு கால் சுற்று திரும்பும். எவ்வளவு முரட்டுக் கையானாலும் அவசரப்பட முடியாது.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது பாண்டியன் போன் செய்தான்.

“எங்கம்மா இருக்க? கொள்ளிடம் பொங்கி வருதாம். சாயந்திர ஓதத்தோட உள்ள பூந்துரும்!”

மடியிலிருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

“என்னா இது, வண்டி ஸ்டியரிங்கா?” என்றார் கண்டக்டர்.

“ஆமாண்ணே. கொஞ்சம் வேகமா போகச் சொல்லுங்க, இல்லாட்டி நான் ஓட்டிருவேன்.”

அவள் போய்ச் சேர்ந்தபோது காயல் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பாண்டியன் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான். “உப்பு கொறையுது, சீக்கிரம்!” கைப்பிடி இருந்த இடத்தில் பெட்டி, நான்கு போல்ட். அவசரத்தில் ஒன்று சேற்றில் விழ, துழாவி எடுத்து முடுக்கினாள். பாண்டியன் சக்கரத்தைப் பிடித்தான். சுற்றினான், சுற்றினான். குழாய்க்குள் இரைச்சல் மெலிந்து, முனகலாகி, நின்றே போனது. குழாய் ஆடக்கூட இல்லை.

முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு குழாயருகே வந்து நின்றார். இளமதி குழாயில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. இதைவிட இனிமையான எதையும் அவள் கேட்டதில்லை.

நிமிர்ந்தபோது பாண்டியன் பழக்கதோஷத்தில் பழைய இரும்புக் குழாயோடு சக்கரத்தை நெருங்கிக்கொண்டிருந்தான்.

“மாமா!”

“ஒரே ஒரு நெம்பும்மா. இல்லாட்டி மனசு ஆறாது.”

“ரப்பர் கிழிஞ்சிடும். கீழ வைங்க.”

அவன் வைக்கவில்லை. நடனசபாபதி போய் அந்த இரும்பை அவன் கையிலிருந்து வாங்கி, பொங்கி வரும் செந்நீரில் வீசி எறிந்தார்.

“இப்ப மனசு ஆறுச்சா?” என்றார். பின்னால் தொட்டிகளில் குஞ்சுகள் பொடிப்பொடியாகத் துள்ளிக்கொண்டிருந்தன.