சலூன்காரர் கோத்த பிரேஸ்லெட்

என் வீட்டுக்காரர் காலையில் என் வேலை மேசையில் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் நாற்காலி, என் விளக்கு, என் ஊசி. போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன்.

அவர் சலூன் வைத்திருக்கிறார். அவருக்கும் அவர் தம்பிக்கும் அங்கே ஆளுக்கொரு நாற்காலி. நான் வீட்டில் பாசிமணி பிரேஸ்லெட் கோத்து ஃபேன்சி கடைகளுக்குக் கொடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் பாசியை அவர் தொட்டதில்லை, அவர் கத்தியை நான் தொட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷர் இன்றைக்கு ஊசி பிடித்ததற்குக் காரணம், போன வாரம் ஒரு வாத்தியாரின் தாடைக்குக் கீழே விழுந்த வெட்டு. சின்ன வெட்டுதான், படிகாரம் வைத்ததும் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் விழுந்த இடம் கழுத்து.

வாத்தியார் தலையை ஆட்டிவிட்டார் என்பது இவர் சொன்ன கதை. கொழுந்தனார் எனக்குத் தனியாகப் போன் பண்ணினார்.

"அண்ணி, அவர் ஆட்டல. அண்ணன் கைதான் ஆடுது. கத்திய என்கிட்ட குடுங்கன்னா மூக்குக்கு மேல கோவம் வருது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

சொன்னேன். வீடே ரெண்டுபட்டது. கடைசியில் இவரே ஒரு பந்தயம் கட்டினார். நான் கோப்பதிலேயே பொடிசான பிரேஸ்லெட்டை ஒரே நாளில் கோத்து முடித்துவிட்டால், மறுநாள் கடைக்குப் போய்க் கத்தியை எடுப்பாராம். முடியாவிட்டால் ஷேவிங் முழுவதும் தம்பிக்கு, இவருக்கு முடிவெட்டு மட்டும்.

"நான் முடிச்சிட்டா அப்புறம் நீயும் வாயத் திறக்கக் கூடாது, அவனும் திறக்கக் கூடாது" என்றார்.

நானும் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்றேன். என் ஊசியை நம்பினேன். கை இம்மி நடுங்கினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன்.

பூ மாடல் பிரேஸ்லெட் அது. ஆறு வெள்ளைப் பாசி கோத்து, முதல் பாசிக்குள்ளேயே ஊசியைத் திரும்ப விட்டு வளையமாக்கி, நடுவில் ஒரு மஞ்சள் பாசியை உட்காரவைத்து, எதிர்ப்பக்கத்துப் பாசி வழியாக ஊசியை வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. நூலைத் தளர விட்டால் பூ வாயைப் பிளக்கும். இறுக்கினால் சுருண்டுகொள்ளும்.

முதல் பூ பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது.

"என்னடி இது, கொசுவுக்கு நகை செய்யற வேலையா இருக்கு?"

"பேசாம வேலையப் பாருங்க. மூச்சுக் காத்துல பாசி பறக்குது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோற்கட்டும், கழுத்துகள் பிழைக்கட்டும். ஆனால் மூன்றாவது பூ பிய்ந்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்ததாவது நிற்கட்டுமே என்று நானே வேண்டிக்கொண்டேன். நின்றது. அதன் பிறகு பூவாக வந்துகொண்டே இருந்தது. இந்த மனுஷர் தோற்க வேண்டுமா, ஜெயிக்க வேண்டுமா என்று எனக்கே தெரியாமல் அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. காப்பியை வைத்தேன், ஆறிப்போனது. காய்ந்த துணிகளை மடித்து, பிடிக்காமல் பிரித்து, திரும்ப மடித்தேன்.

சாயங்காலம் கடைசிப் பூவுக்கு முடிச்சுப் போட்டு நூலைக் கத்தரித்தார். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம். தூக்கிப் பார்த்தேன். ஒரு பூகூடப் பிசகவில்லை. கடைக்காரரிடம் என் வேலை என்றே கொடுக்கலாம்.

"என்ன சொல்ற இப்ப?" என்று எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "கைய நீட்டு."

நீட்டினேன். நின்றபடியே பிரேஸ்லெட்டை என் மணிக்கட்டில் சுற்றிக் கொக்கியை வளையத்துக்குள் விடப் பார்த்தார். விலகிப் போனது. மறுபடி கொண்டுவந்தார். வளையத்தை இடித்துவிட்டு மறுபக்கம் போனது.

"கைய மேசை மேல வை. ஒரு நிமிஷத்துல மாட்டிடறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அவரை உட்காரவைத்து, இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளச் சொன்னது நான்தான். பாசி கோக்கிற எல்லாரும் அப்படித்தான் உட்காருவோம். பழக்கதோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இவ்வளவு நேரமும் மேசைதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேசை ஒரு சாண் கீழேதான் இருந்தது. கையை இறக்கினால் போதும், கொக்கி மாட்டிவிடும், சிரிப்பும் அப்படியே இருக்கும். எனக்கு இறக்கத்தான் ஆசை. ஆனால் நாளைக்கு யாரோ ஒருத்தர் அந்த நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக் கொடுப்பார்.

"இப்படியே மாட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கடையில மேசை இருக்காதுல்ல."

இன்னும் ஒரு தடவை முயன்றார். அப்புறம் இன்னும் ஒரு தடவை. அந்த நடுக்கம் என் தோலில் தெரிந்தது. விரல்களை அவரே நிறுத்தினார், ஆனால் என் கையை விடவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனுக்குப் போன் போடு."

போட்டுக் கொடுத்தேன்.

"நாளையிலேர்ந்து ஷேவிங்கெல்லாம் நீயே பாத்துக்கடா" என்றார். அந்தப் பக்கம் கொழுந்தனார் ஏதோ கேட்டார். "ஆமாடா, உங்க அண்ணிகிட்ட தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கோத்து முடிப்பதுதான் பந்தயம். அதை அவர் முடித்திருந்தார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.