மேல் வரியும் கீழ் வரியும்

கட்டுப்பல் பட்டறையில், மெழுகில் பதித்த முன்வரிசைப் பல் ஒன்றை அவள் சற்றே இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாத்தனார். தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவள்; வயதில் இளையவள், வாயில் மூத்தவள்.

“அண்ணி, வியாழக்கிழமை ப்ராக்டீஸ். அதுக்குள்ள பாட்டு என் கைக்கு வரலேன்னா ஞாயித்துக்கிழமை வேற பாட்டுதான். இது மூணாவது தடவை. இனிமே நான் கேக்க மாட்டேன்.”

“கடைசி சரணம்தான், இன்னும் கொஞ்சம்...”

“அந்தக் ‘கொஞ்சம்’ வளந்து நாலாங்கிளாஸ் படிக்குது அண்ணி,” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலாங்கிளாஸ் படித்தது மகள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கிடந்தவள். பெட்டியின் துவாரம் வழியாக ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு நின்ற அம்மா அன்றைக்கு ஒரு பொருத்தனை செய்தாள். பிள்ளையைக் கொடுத்துவிடும் ஆண்டவரே, உமக்கு ஒரு பாட்டு எழுதித் தருகிறேன். பிள்ளை பிழைத்து, நடந்து, பேசி, எதிர்த்தும் பேச ஆரம்பித்துவிட்டாள். பாட்டு மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

மெட்டு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வார்த்தைகள்தான் வம்பு செய்தன. ஒரு வரி எழுதுவாள், நன்றாக இருக்கும். மறுநாள் அதன் தலைமேல் இன்னொரு வரி எழுதுவாள். அதுவும் நன்றாக இருக்கும். எதை அடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். வீட்டில் அவளுக்கு ‘அழிரப்பர்’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். கடவுளுக்குக் கொடுப்பது பழுதில்லாததாக இருக்க வேண்டாமா என்பாள் அவள். ஆனால் அவளுக்கே தெரியும், அது பாதிப் பொய். மீதிப் பாதி, யாராவது ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டோரம் சிரித்துவிடுவாரோ என்ற பயம். பக்தி என்று பெயர் வைத்தாலும் பயம் பயம்தானே.

கையிலிருந்த பல் செட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முத்துக் கோத்ததுபோல் வரிசையாக வேண்டும் என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். அப்படியே செய்து கொடுத்தால் சிரிக்கும்போது கடைப் பொம்மை சிரிப்பதுபோல் இருக்கும். ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி, இன்னொன்றின் முனையை ராவிவிட்டால்தான் அது மனுஷ வாய். பதினாறு வருஷமாக ஊரார் வாயிலெல்லாம் வேண்டுமென்றே கோணல் வைத்தவள், தன் பாட்டில் ஒரு எழுத்து இடறினால் சோறு இறங்காமல் தவித்தாள். இதை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. மெழுகு இளகுவதற்குள் செட்டைக் கீழே வைத்தாள்.

வியாழன் காலை, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வேதத்தில் வாசிக்க வேண்டிய பகுதி, ஒரு பையன் கொடுத்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த கதை. ஆயிரம் முறை வாசித்ததுதான். அன்றைக்கு ஏனோ அந்த அப்பத்தைச் சுட்டவளைப் பற்றி யோசனை ஓடியது. ஒரு பக்கம் கருகியிருக்குமோ? உப்பு கூடியிருக்குமோ? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ‘இருங்க ஆண்டவரே, வீட்டுக்குப் போய் நல்லதா நாலு சுட்டு எடுத்துட்டு வரேன்’ என்று அந்தப் பையன் கிளம்பியிருந்தால் அத்தனை ஜனமும் பட்டினிதான். அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கலங்கினாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, துடைக்கப் போகவில்லை.

“ஆண்டவரே, என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்,” என்றாள். “சரியில்லேன்னாலும் இது உமக்குத்தான்.”

கடைசிச் சரணத்தைப் பத்து நிமிஷத்தில் எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். நோட்டை மூடி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் நீட்டினாள்.

“உங்க தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க.”

“நெஜமாவா?” அவன் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பேசாம எடுத்துட்டுப் போங்க. வாசல்ல நின்னு திரும்பிப் பாக்காதீங்க, நான் புடுங்கிடுவேன்.”

அவன் ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் ஓடினான். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. பல்லவியின் இரண்டாம் அடியில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. ஒன்பது வருஷமாக முடிவு செய்யாதது, இன்னும் இரண்டும் அப்படியே இருந்தன. போனை எடுத்தாள். நாத்தனாரின் எண்ணைத் தேடினாள். பிறகு போனைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ப்ராக்டீஸுக்கு அவள் போகவில்லை. குழுவில் பாடும் மகள் போய்விட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தாள். “அத்தை எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஓடுவதற்கு வசதி. ஆர்கன் முழங்கியது. குழு எழுந்தது, முன்வரிசையில் மகள். பல்லவியின் முதல் அடியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். இரண்டாம் அடியில் பெண்கள் மட்டும் பாடினார்கள்:

“பயந்த கைகளைப் பிடித்தவரே...”

அவள் மூச்சு விட்டாள். மேல் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்போல. அப்போது பின்வரிசை ஆண்கள் கனத்த குரலில் தொடர்ந்தார்கள்:

“பிடித்த கைகளை விடாதவரே...”

இரண்டையும் பாடிவிட்டார்களே! குழுவின் தாள்களில் மேலே எழுதியது பெண்களுக்கு, கீழே எழுதியது ஆண்களுக்கு. நாத்தனார் அந்தப் பழக்கத்திலேயே நோட்டையும் படித்திருக்கிறாள். எழுந்து ஓடலாமா என்று பெஞ்சைப் பிடித்தாள். அதற்குள் பல்லவி மறுபடி வந்தது. மேல் வரி கேட்டது, கீழ் வரி பதில் சொன்னது. ஒன்பது வருஷமாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று அவள் நினைத்திருந்த இரண்டும் கணவன் மனைவிபோல் அடுத்தடுத்து நின்றன. பிடித்த பெஞ்சை அவள் விடவில்லை. ஆனால் ஓடுகிற எண்ணம் போய்விட்டது. கண்ணீர் தாடையில் இறங்கி, கழுத்துவரை வந்தது. துடைக்கத் தோன்றவில்லை; அத்தனை சந்தோஷம்.

பாட்டு முடிந்தது. நாத்தனார் கையை இறக்கினாள். ஆர்கனும் அடங்கியது. மகளுக்கு மட்டும் அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சுருதியை எங்கோ விட்டுவிட்டு, தனியாகப் பல்லவியை மறுபடி ஆரம்பித்தாள்.

“பயந்த கைகளைப் பிடித்தவரே...”

பதில் வராததால் பிள்ளை கண்ணைத் திறந்தாள். யாரும் பாடவில்லை என்று கண்டதும் முகம் சுருங்கத் தொடங்கியது.

கடைசிப் பெஞ்சிலிருந்து, அழுது கரகரத்த ஒரு குரல் எழுந்தது. ஆண்கள் பாட வேண்டிய வரி, உச்சத்தில் உடைந்து, கால் தாளம் பிந்தி வந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. அவள் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் பெஞ்சிலிருந்து எடுத்துவிட்டு, மகளைப் பார்த்தபடி, வாயை அகலமாகத் திறந்து.