வரைபடத்தின் இடது பக்கம்

பரீட்சைக்கு எது வரும், எது வராது என்று சொல்வதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு சீனியர் இருப்பாள். இவளுக்கு வாய்த்தவள் வைப்ரேஷன்ஸ் என்கிற அதிர்வுப் பாடப் புத்தகத்தில் ஒரு வரைபடத்தைக் காட்டி, "வலது பக்கத்தை மட்டும் நல்லாப் படி, இடது பக்கம் கேக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் சீனியர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. இவளும் இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டே படித்து முடித்தாள்.

படம் அப்படியொன்றும் பயங்கரமானது இல்லை. ஒரு மெஷினை ரப்பர் மாதிரி மெத்தென்ற ஒன்றின் மேல் நிறுத்தினால், அதன் ஆட்டத்தில் எவ்வளவு தரைக்குப் போய்ச் சேரும் என்று காட்டுகிற கோடு. மெஷினின் வேகம் கூடக் கூட, வலது பக்கம் கோடு இறங்கிக்கொண்டே போகும். தரை தப்பித்தது என்று அர்த்தம். அதை அழகாக வரைந்து அம்புக்குறியும் போட்டு டெஸ்ட்டை முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். அங்கே நிம்மதி இல்லை.

இவளும் அம்மாவும் இருந்தது மாடியில், இரண்டு அறை. ஒன்றில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். இன்னொன்றை அம்மாவின் தையல் மெஷினும் தோளுயரத்துக்கு அடுக்கிய வெள்ளைத் துணிக்கட்டுகளும் எடுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கான விரிப்புகள். ஓரம் மடித்து நீளமாக நேர்த்தையல் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில்தான் வீடு ஓடியது, இவள் படிப்பும் ஓடியது.

வீட்டுக்காரர் கீழே இருந்தார். அவர் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி ஒன்று, அதற்குள் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திராத கண்ணாடிக் கோப்பைகள். மேலே அம்மா பெடலை மிதித்தால் கீழே அவை கிணுகிணுக்கும். அம்மாவும் மகளும் தங்களுக்குள் அவருக்கு ஷோகேஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் சார்.

குடிவந்த புதிதில் சார் ஒரு தடவை மேலே வந்து முகத்தைச் சுளித்தார். அதோடு அம்மா மோட்டாரின் வேகக் குமிழைப் பாதிக்கும் கீழே திருகி, அது நகராதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். தையல் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் அந்த வரிசையிலேயே வேகமான கை அவளுடையது. அந்தக் கையை அடக்கி ஆமை வேகத்தில் தைத்தும் கோப்பைகள் கிணுகிணுப்பதை விடவில்லை. அவர் திட்டும்போதெல்லாம், "மெதுவாத்தான் சார் ஓட்டறேன்" என்று தலைகுனிந்து நிற்பாள். அப்படி நிற்பதைப் பார்க்க மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டெஸ்ட் எழுதிய அன்று ஒரு கோப்பை விழுந்து உடைந்திருந்தது. உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் ஏந்திக்கொண்டு அவர் வாசலில் நின்றார்.

"ஏம்மா, போதும். மாசக் கடைசில ஒண்ணு மெஷின் போகணும், இல்ல நீங்க போகணும்."

மெஷினோடு வருகிறவர்களுக்கு யாரும் வீடு தருவதில்லை என்பது ஊரெல்லாம் அலைந்து அம்மா தெரிந்துகொண்ட விஷயம்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார், நான் சரி பண்றேன்" என்றாள் மகள். "காலேஜ்ல இதைத்தான் படிக்கிறேன்."

"எதை?"

"ஆட்டத்தை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்போம் இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளோடு இறங்கிப் போனார்.

மறுநாளே தடித்த ரப்பர் கட்டைகள் வாங்கி வந்து மெஷின் மேசையின் கால்களுக்கு அடியில் வைத்தாள். கடையில் இருந்ததிலேயே மெத்தென்றிருந்தது அதுதான். அம்மா நம்பிக்கையோடு உட்கார்ந்து மிதித்தாள். மேசை மொத்தமாகத் தலையாட்ட ஆரம்பித்தது. கத்தரிக்கோல் நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. கோப்பைகளின் சத்தத்தையும் மீறிக் கீழேயிருந்து சாரின் குரல் வந்தது. அம்மா காலை எடுத்துவிட்டாள்.

"பாப்பா, நீ படிச்சதுக்கு நேர்மாறா நடக்குதே."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை விடைத்தாள் கொடுத்தார்கள். பாடம் எடுக்கும் மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்குவது. அவர் நுழைந்தால் வகுப்பின் கூச்சல் தானாக அடங்கிவிடும். இவள் தாளை நீட்டியவர் அதைப் பிடியிலிருந்து விடவில்லை.

"பாதிப் படம் எங்கே?"

"மெஷின் எல்லாம் வலது பக்கத்துலதானே மேடம் ஓடும்?"

"ஓட வச்சா ஓடும். வேகம் பத்தலைன்னா இடது பக்கத்துலயே கிடக்கும். அங்க ரப்பர் வச்சாக் குறையாது, கூடும்." சிவப்புப் பேனாவால் இடது பக்கத்தில் உயரமாக ஒரு மலையைக் கிறுக்கி, பாதி மதிப்பெண்ணோடு தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இவள் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு ஆட்டக் கணக்கு உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது மாதிரி. அதே கணக்கில் தள்ளினால், லேசாகத் தள்ளினாலும் ஊஞ்சல் ஏறிக்கொண்டே போகும். அதைவிட வேகமாகத் தள்ளிப் பார்த்தால் ஊஞ்சல் கையோடு சேராமல் சும்மா நடுங்கும். மேசைக்கு அப்படியென்றால் மாடித் தரைக்கும் அப்படித்தானே? தரைக்கும் ஒரு மலை இருக்கும், அம்மா அதன் உச்சியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று அவள் பிளாஸ்திரி ஒட்டி வைத்த வேகம்தான் அந்தத் தரையை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்டுகிற வேகம். கடைசி பெஞ்சில் யாரோ பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை உருவிப் போட்டாள். பிறகு குமிழின் மேலிருந்த பிளாஸ்திரியை உரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, கையை எடு" என்றாள் அம்மா. "மெதுவா ஓட்டினதுக்கே இந்தப் பாடு."

"மெதுவா ஓட்டினதாலதாம்மா இந்தப் பாடு."

"போன தடவையும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே."

"போன தடவை பாதிதான் படிச்சிருந்தேன்."

அம்மா சிரிக்கவில்லை. "தப்பாப் போச்சுன்னா இன்னைக்கே பெட்டி கட்டணும்."

"தொடங்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். பயந்துபோய்க் காலை எடுத்துடாதே. நடுவுல நின்னாத்தான் வம்பு. கம்பெனியில மிதிச்ச மாதிரி மிதி."

சொல்லிவிட்டாளே ஒழிய அவளுக்கும் நிச்சயமில்லை. தாளில் இருக்கும் கோட்டை நம்பி வீட்டைப் பணயம் வைத்திருக்கிறாள். முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் சார் பகலெல்லாம் அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நேராக அவரிடமே போவது என்று முடிவு செய்து, குமிழை முழு வேகத்துக்குத் திருகி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"சார், இப்ப அம்மா தைக்கப் போறாங்க. ஆடுதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இவள் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கோப்பைகள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரு முறை கிணுகிணுத்தன. அவர் புருவம் ஏறியது. உடனே சத்தம் நின்றுவிட்டது.

அம்மா பயந்து காலை எடுத்துவிட்டாள் என்று இவள் நினைத்தாள். எல்லாம் போயிற்று. அப்போதுதான் கூரையிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று காதில் விழுந்தது, பக்கத்து அறையில் மின்விசிறி சுற்றுகிற மாதிரி. அது நிற்காமல் நீண்டது. விரிப்பின் ஓரமும் நீளமானதுதான். கோப்பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

சார் காத்திருந்தார். கட்டியிருந்த கையை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

"எப்பதான் ஆரம்பிப்பாங்க?"

"ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு."

அவர் எழுந்து போய் அலமாரிக் கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தார். காதை வைத்தும் பார்த்தார். திரும்பி வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இப்பதான் வழிக்கு வந்திருக்காங்க. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மெதுவா ஓட்டுங்கன்னு. இதே மாதிரி மெதுவாவே ஓட்டச் சொல்லு. இதுக்கு மேல வேகம் கூடாது."

மலை, ஊஞ்சல், சிவப்புப் பேனா எல்லாம் இவள் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கிக்கொண்டாள்.

"காலி பண்றது சார்?"

"இப்படி ஓட்டினா எதுக்குக் காலி பண்ணணும்? இருங்க."

"சொல்லிடறேன் சார்."

மேலே அம்மா அடுத்த விரிப்பில் இருந்தாள். வெள்ளைத் துணி அவள் கைக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. முதுகு நிமிர்ந்திருந்தது. இப்படி உட்கார்ந்து தைப்பதை மகள் பார்த்ததே இல்லை. அவள் நிழல் தெரிந்ததும் அம்மா காலை எடுத்தாள்.

"ஆடலையா?"

"இல்ல."

"அப்போ இத்தனை வருஷமும் நான் பயந்து பயந்து ஓட்டினதாலதான் ஆடுச்சா?"

இவளுக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தது. "ஆமாம்மா" என்றாள்.

அம்மா தரையில் கிடந்த பிளாஸ்திரியை எடுத்து, உருண்டையாகக் கசக்கி, ஜன்னல் வழியே வீசினாள்.

"சரி, அவர் என்ன சொன்னார்?"

"இதே மாதிரி மெதுவாவே ஓட்டணுமாம்."

அம்மா மகளைப் பார்த்தாள். புது விரிப்பை எடுத்து ஓரத்தை மடித்து ஊசிக்கடியில் வைத்தாள். பிறகு பெடலை அடி வரைக்கும் மிதித்தாள்.